படத்தின் கீழே எழுத வேண்டியது



வீழ்ந்த போர்வீரர்களை ஒளிப்படங்களின் வழியே நினைவுகூர்வது பற்றி இந்த நினைவுச் சொற்பொழிவில் பேசுகிறோம். மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றுவதோடு இது முடிந்துவிடக் கூடாது என்பதே நம் கருத்து.

கேமரா முதலில் நம்மிடம் எதற்காக வந்தது? 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு 'இந்திய மக்கள்' என்ற பெயரில் 8 தொகுதிகளை வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலான படங்களின் கீழே ஆளின் பெயர் இல்லை. சாதியின் பெயர்தான் இருந்தது.

பட்டாளத்துக்குப் போனவர்கள் இதை மாற்றினார்கள். சீருடையில் நிற்பவருக்குப் பெயர், பதவி, எண், படைப்பிரிவு எல்லாம் உண்டு. ஊரில் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்க வேண்டியவர், படத்தில் நெஞ்சு நிமிர்ந்து நின்றார். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெருமளவில் பணியாற்றினார்கள். பிறகு 'போர்க்குடி' என்ற கொள்கையைச் சொல்லி ஆங்கிலேயரே நம்மவர்களைப் படையிலிருந்து ஒதுக்கினார்கள்.

1818 கோரேகான் போரின் நினைவுத்தூணில் முகங்கள் இல்லை. ஆனால் வீழ்ந்த மகார் வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே சென்று, அதை நம் வரலாறாக எடுத்துக்காட்ட முடிந்தது அந்தப் பெயர்களால்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அன்று ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அதே மாவட்டத்தின் தியாகி இம்மானுவேல் சேகரனார் இராணுவத்தில் பணியாற்றியவர். எல்லையில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் திரும்பித் தீண்டாமையை எதிர்த்து நின்றதற்காக, 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில், 32 வயதில் கொல்லப்பட்டார். அவரும் களத்தில் வீழ்ந்த வீரர்தான். 2010இல் அவர் முகம் அஞ்சல்தலையில் வந்தது. அரசு அந்த முகத்தை ஏற்க 53 ஆண்டுகள் ஆயின.

இன்று அவர் படம் இல்லாத சேரி இல்லை. ஆனால் பல பிளெக்ஸ்களில் சாதிப் பட்டம் பெரிய எழுத்திலும், அவர் எதற்காக உயிர் கொடுத்தார் என்பது எழுதப்படாமலும் இருக்கிறது. வெள்ளைக்காரன் படத்தின் கீழே எழுதியதையே நாமும் எழுதினால், அந்த உயிருக்கு என்ன மதிப்பு?

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் படம் மாட்டியிருக்கும் வீடுகளுக்குப் போங்கள். வெளிச்சத்தில் வைத்துப் படியெடுத்து, மூலப்படத்தை அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுங்கள். அவர் பெயர், ஊர், படைப்பிரிவு, எங்கே, எப்படி இறந்தார், யார் அவருக்காகக் காத்திருந்தார் என்பதைக் கேட்டு எழுதுங்கள். படமே இல்லாத வீட்டில் பெயரை மட்டுமாவது எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய பாட்டிகளுக்கு வயதாகிவிட்டது. இந்த ஆண்டே தொடங்குங்கள்.

வீரவணக்கம்.