ஒரே ஓர் இடம்: ஆய்வுப் பணிகளில் இடஒதுக்கீடு எங்கே போகிறது?

(கடல் அறிவியல், உயிர் அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடல் உயிரியலோ உயிரித் தொழில்நுட்பமோ முதுகலை முடித்தவுடன் நீங்கள் எந்த வேலையைத் தேடுகிறீர்கள்? விஞ்ஞானி பதவியை அல்ல. ஜே.ஆர்.எஃப்., ப்ராஜெக்ட் அசோசியேட் என்று வரும் தற்காலிகத் திட்டப் பணிகளைத்தான். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை இன்று மாதம் 37,000 ரூபாய். பணத்தைவிடப் பெரியது, அங்கே கிடைக்கும் ஆய்வக அனுபவமும் கட்டுரையில் இடம்பெறும் பெயரும். முனைவர் பட்டத்துக்கும் பிறகு விஞ்ஞானி பதவிக்கும் அதுதான் முதல் படி.

அந்த விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். ‘இடம்: 1. நேர்காணலுக்கு நேரில் வரவும். பயணப்படி கிடையாது.’ பெரும்பாலும் வயது வரம்புத் தளர்வு என்ற ஒற்றை வரியோடு சமூகநீதி முடிந்துவிடும்.

விதி என்ன சொல்கிறது? ஒன்றிய அரசுப் பணிகளில் 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு. 1968 முதல் இருக்கும் இந்த விதியை 2022-இல் மீண்டும் சுற்றறிக்கையாக அனுப்பினார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றத்திலும் ஒன்றிய அரசு இதையே சொன்னது.

பிறகு எப்படி நழுவுகிறார்கள்? ‘இது நிறுவனத்தின் பதவி அல்ல, திட்டத்தின் வேலை’ என்பார்கள். திட்டத்துக்குப் பணம் தருவது யார்? மக்கள் வரி. அடுத்து, ‘இடம் ஒன்றுதானே’ என்பார்கள். ஒற்றைப் பதவியில் ஒதுக்கீடு கூடாது என்று 1998-இல் சண்டிகர் மருத்துவ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒரு நிறுவனம் ஓராண்டில் நாற்பது பேரை எடுக்கிறது என்று வையுங்கள். நாற்பது விளம்பரத்திலும் ‘1’ என்று போட்டால் நாற்பதும் பொது இடமாகிவிடும். மிச்சத்தைப் பத்து நிமிட நேர்காணல் பார்த்துக்கொள்ளும். ‘எந்தக் கல்லூரி? யாரிடம் ப்ராஜெக்ட் செய்தாய்?’ இந்தக் கேள்விகளுக்குள் சாதி வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

மேலே போனால் நிலைமை மாறிவிடுமா? ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுக்கான 2019 சட்டம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்றவற்றுக்கு விலக்கே அளித்திருக்கிறது.

கடல் ஆய்வைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் எந்தப் பாரில் எந்த மீன், எந்த மாதம் எந்தப் பாசி என்று மீனவருக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் தெரியும். ஆய்வாளருக்குப் படகோட்ட அவர்கள் வேண்டும், மாதிரி எடுத்துத் தர அவர்கள் வேண்டும். அவர்கள் பிள்ளை எம்.எஸ்சி. முடித்து வந்தால் மட்டும் ‘அனுபவம் போதாது’.

நாம் கேட்பது எளிது. ஒரு நிறுவனத்தின் திட்டப் பணியிடங்கள் அனைத்தையும் ஒரே இனச்சுழற்சிப் பட்டியலில் கொண்டுவா. நேர்காணல் மதிப்பெண்களை வெளியிடு. வருகிற பிள்ளைக்குப் பயணப்படி கொடு.

நீங்கள் செய்ய வேண்டியது, விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள். கூடவே பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: மூன்றாண்டுகளில் எத்தனை திட்டப் பணியாளர்கள், அவர்கள் எந்தெந்தப் பிரிவினர்? முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். ‘அப்படி விவரம் பராமரிக்கப்படவில்லை’ என்று வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். நமது வழக்குக்கு அதுவே முதல் ஆவணம்.