கணக்கில் கெட்டிக்காரன், பரீட்சைத் தாளில் பூஜ்யம்



சுங்கை காடுட்டில் ஒட்டுக்கடைக்கு அனுப்பப்படும் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 3 ரிங்கிட் 40 சென்னுக்குச் சாமான் வாங்கி 10 ரிங்கிட் நோட்டை நீட்டியதும், மீதி 6 ரிங்கிட் 60 சென் என்று கடைக்காரரை முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். அதே கணக்கை வகுப்பில் எழுதச் சொன்னால், ரிங்கிட்டுக்கு நேரே சென்னை எழுதித் தவறு செய்வான். கேள்வியை வாசிக்கவே திணறுவான். சோம்பேறி என்று பெயர் வாங்குவான்.

அவன் சோம்பேறி அல்லன். அறிவுத்திறனும் கற்றல் சிரமமும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கலாம். வாசிப்பதில் வரும் சிரமம் டிஸ்லெக்சியா. எண்களின் அளவை உணர்வதில் வருவது டிஸ்கல்குலியா. திறமை சிரமத்தை மறைக்கும். சிரமம் திறமையை மறைக்கும். கடைசியில் இரண்டுமே பெரியவர்கள் கண்ணில் படுவதில்லை.

மொழியும் சோதிக்கிறது. மலாயில் 90 என்பது 'செம்பிலான் பூலோ', அதாவது ஒன்பது பத்து. தமிழில் 'தொண்ணூறு'. நூற்றுக்குக் குறைந்த எண்ணின் பெயரிலேயே 'நூறு' ஒலிக்கிறது! இங்கே தடுமாறும் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் காட்டினால் தெளிவு பிறக்கும்.

பல்லாங்குழியும் நல்ல ஆசானே. 6 குழிகளில் ஐந்தைந்து ரப்பர் கொட்டைகளைப் போட்டால் பெருக்கல் வாய்ப்பாடு கண்ணுக்குத் தெரியும். பிறகு படம், அதன் பிறகே எண். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் எண் எழுதட்டும். கேள்வியை ஆசிரியர் வாசித்துக் காட்டலாம்; விடையை வாயால் கேட்கலாம். புரிந்துகொண்டவனுக்கு ஒரே மாதிரி 20 கணக்கு தண்டனையாகும். சவாலான ஒரு கணக்கு போதும்.

கணித மேதை இராமானுஜன் 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். பிற பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். அவருக்குக் கற்றல் சிரமம் இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே அளவுகோலால் எல்லாரையும் அளந்தால் என்ன நேரும் என்பதற்கு அவர் சாட்சி. 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. கைதூக்கிவிட ஆள் கிடைத்ததால் அவர் தப்பினார்.

தமிழர்களிடையே விழிப்புணர்வு புதிதன்று. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991-இலேயே தொடங்கிவிட்டது. சந்தேகம் இருந்தால் பெற்றோர் வகுப்பாசிரியரிடமும் அரசாங்கக் கிளினிக் டாக்டரிடமும் கூச்சப்படாமல் பேச வேண்டும். பரிசோதனை அவமானமன்று. பிள்ளை தன்னையே மக்கு என்று நம்பத் தொடங்குவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.