ஊர்ப் பாதையும் சைக்கிள் பயணமும்: பிரெஞ்சு நாட்டுக் கிராமங்கள் தரும் பாடம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை என்று சொன்னவுடன் தார் போட்ட சாலையே நம் நினைவுக்கு வருகிறது. அதற்குத் திட்டம் உண்டு, மதிப்பீடு உண்டு, ஒப்பந்தக்காரரும் உண்டு. வயலிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து ஊருக்கும் செல்லும் வண்டிப் பாதைக்கோ கேட்பார் மிகச் சிலரே. இத்தகைய பாதைகளைப் பிரெஞ்சு நாட்டுக் கிராமங்கள் எவ்வாறு இழந்தன, எஞ்சியவற்றை எவ்வாறு காத்து வருகின்றன, அப்பணியில் சைக்கிள் பயணிகள் எவ்வாறு துணை நிற்கின்றனர் என்பவற்றை இன்று நாம் ஆராய்வோம்.

கிராவல் சைக்கிள்

அந்நாட்டின் மண் பாதைகளில் இப்பொழுது ஒரு புதுவகைச் சைக்கிள் ஓடுகிறது. அதன் பெயர் ‘கிராவல் சைக்கிள்’. சாலைக்குக் கொட்டும் சரளை மண்ணை நம் ஊரில் கிராவல் என்கிறோம் அல்லவா? அதே சொல்தான் இதுவும். பார்வைக்கு இது பந்தய சைக்கிள் போன்றது. கைப்பிடியும் அவ்வாறே கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் டயர் அகலமானது. பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். காற்றையும் குறைவாகவே அடைப்பார்கள். அதனால் கல்லும் மேடுபள்ளமும் உடலை உலுக்குவதில்லை. மோட்டார் வாகனங்களின் இரைச்சலும் ஆபத்தும் இல்லாத பாதைகளைத் தேடி நகரத்தார் இதில் ஏறிக் கிராமங்களுக்கு வருகின்றனர்.

பெயர் புதியது, பழக்கம் பழையது. 1903ஆம் ஆண்டில் ‘தூர் த பிரான்ஸ்’ என்னும் புகழ்பெற்ற பந்தயம் தொடங்கியபொழுது பெரும்பாலான சாலைகள் தாரைக் கண்டதில்லை. அதற்கு முன்பே சேந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் த விவி (1853–1930) என்பார், ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் சைக்கிள் சுற்றுப்பயணத்தின் பெருமையை எழுதி வந்தார். மேடேறுவதற்கு ஏற்ற கியர் முறைக்காகவும் வாதாடினார். 2024ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அதே தூர் பந்தயம் ஷாம்பேன் பகுதியிலுள்ள துருவா நகரைச் சுற்றி நடைபெற்றது. அன்று வீரர்கள் 14 இடங்களில், மொத்தம் 32 கிலோமீட்டர் தூரம், வெண்ணிறச் சரளைப் பாதைகளில் ஓட்டிச் சென்றனர். அவற்றுட் பல, திராட்சைத் தோட்டக்காரர்களின் டிராக்டர்கள் அன்றாடம் செல்லும் பாதைகளே!

பாதை யாருடையது?

பிரெஞ்சு நாட்டில் ஊராட்சியின் பெயர் கொம்யூன். புதுச்சேரியில் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் இருப்பதால் இச்சொல் நமக்குப் புதிதன்று. அந்நாட்டில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் உள்ளன. சில நூறு மக்களே வாழும் ஊரும் தனக்கென மன்றமும் மேயரும் உடையது.

1836ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர்களை இணைக்கும் பாதைகளுக்காக ஊரார் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைக்க வேண்டும் என்று கொம்யூன் விதிக்கலாம். உழைக்க இயலாதவர் பணமாகச் செலுத்தலாம். வயலுக்கும் தோப்புக்கும் செல்லும் சிறு பாதைகளுக்கு 1881ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. இவை ‘ஊர்ப் பாதைகள்’ எனப்படும். இவை கொம்யூனின் சொத்து. பொதுமக்கள் செல்வதற்கு உரியவை. பொதுமக்கள் பயன்படுத்துவது நின்றுபோன பாதையை மட்டுமே, ஊராரிடம் பகிரங்க விசாரணை நடத்திய பின்னர், மன்றம் விற்கலாம்.

இதில் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஊர்ப் பாதையைப் பழுதுபார்ப்பது கொம்யூனின் கட்டாயச் செலவுகளுள் ஒன்றன்று; இது முதலாவது. ஒருவர் ஊர்ப் பாதையைத் தம் நிலம்போல் 30 ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்துவிட்டால், அது தமக்கே உரியதென்று நீதிமன்றத்தில் கோர இயலும், இது இரண்டாவது.

பாதைகள் மறைந்த விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்க்கும் வேலை அந்நாட்டில் பெருமளவில் நடைபெற்றது. டிராக்டருக்கு ஏற்ற பெரு வயல்கள் உருவாயின, விளைச்சல் பெருகியது. ஆனால் வேலிகளும், வேலிகளுக்கு நடுவே சென்ற பள்ளப் பாதைகளும் அழிந்தன. பிரெட்டனி பகுதியில் இந்த இழப்பு மிகுதி.

எஞ்சிய பாதைகள் சில ஒசையின்றி மறைந்தன. பாதையை உழுகிறவர் தீயவர் அல்லர். ஆளரவமற்ற பாதை, புல் முளைத்திருக்கிறது, இவ்வாண்டு ஒரு சால் உள்ளே செல்கிறது, மறு ஆண்டு இன்னொரு சால். அவருடைய மகன் காலத்தில் அங்கே கோதுமை விளைகிறது. பாதை இருந்ததை அறிந்த முதியவர்களும் மறைந்த பின்னர், ஊர் எதனை இழந்தது என்று சொல்வார் யார்?

பயன்பாடே காவல்

இங்கேதான் சைக்கிள் பயணியின் அருமை விளங்குகிறது. ஒரு பாதை பொதுப் பாதைதான் என்பதற்கு, மக்கள் அதில் போய்வருவதையும், மன்றம் அதனைக் கண்காணித்துப் பராமரிப்பதையும் பிரெஞ்சுச் சட்டம் சான்றாக ஏற்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக வரும் பயணியும், தாம் அறியாமலே, ஊரின் உரிமைக்குச் சாட்சியாகிறார். அவருடைய டயர்த் தடமே ஊரின் பத்திரம்!

சட்டமும் துணை புரிகிறது. 1983ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாவட்டமும் நடைப் பயணத்திற்குரிய பாதைகளைப் பட்டியலிட்டு வருகிறது. கொம்யூன் மன்றத்தின் இசைவுடன் பட்டியலில் சேர்ந்த ஊர்ப் பாதையை விற்க நேர்ந்தால், தொடர்பு அறாதவாறு மாற்றுப் பாதை தரவேண்டும். தராவிடில் விற்பனை செல்லாது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வாகனங்கள் பாதையை விட்டு இயற்கை நிலங்களுக்குள் புகுவதைத் தடுத்தது. 2022ஆம் ஆண்டில் வந்த சட்டம் இன்னும் பயனுடையது. ஊர்ப் பாதைகளைக் கணக்கெடுக்க மன்றம் தீர்மானம் நிறைவேற்றினால், முப்பதாண்டு அனுபோகக் கணக்கு இரண்டு ஆண்டு வரை நிறுத்திவைக்கப்படும். அதற்குள் மன்றம் தன் சொத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

பழைய வசதிகளும் புதிய பயன் பெறுகின்றன. பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே ரயில் நின்றுபோன 44 கிலோமீட்டர் தடம், 1997ஆம் ஆண்டில் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் உரிய பசுமைப் பாதையாயிற்று. நாந்த் நகரிலிருந்து பிரெஸ்ட் வரை செல்லும் 360 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கால்வாயின் கரையில், குதிரைகள் படகிழுத்த பாதையில், இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன.

ஊருக்கு என்ன பயன்?

சைக்கிள் பயணி மெதுவாகச் செல்பவர், ஆதலின் நிற்பவர். ரொட்டிக் கடையிலும் காப்பிக் கடையிலும் செலவிடுகிறார், இரவு தங்குகிறார். சிறு விவசாயிகளுக்கு உபரி வருமானம் கிடைக்கவும், பாழடையும் பண்ணை வீடுகள் பிழைக்கவும், விருந்தினர் விடுதி முறையை வளர்க்கும் கூட்டமைப்பு 1955ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் தோன்றியது. குறியிட்ட சைக்கிள் வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உள்ள விடுதிகள், சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவிகளும் வைத்திருந்தால், அவற்றுக்கு ஓர் அங்கீகார முத்திரை வழங்கப்படுகிறது. இதனால் ஊர் செல்வத்தில் கொழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மூடவிருந்த ஒரு கடை மூடாமலிருக்க இது உதவலாம். சிற்றூருக்கு அதுவும் பெரிதே.

பயணியின் கடமை

விவசாயியின் மனக்குறையையும் நாம் மறத்தல் கூடாது. பாதை அவருக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. ஆகவே டிராக்டர் வந்தால் பயணி ஒதுங்கி நிற்க வேண்டும். மாடுகள் மேயும் இடத்தில் திறந்த படலை மூட வேண்டும். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளில் ஓநாய், கரடியிடமிருந்து ஆடுகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் உண்டு. அவற்றைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கி, மந்தையைச் சுற்றி அமைதியாக நடந்து செல்ல வேண்டும். பயிரில் ஒருவர் புகுந்தால், அடுத்து வரும் நூறு பேருக்கும் விவசாயியின் மனக்கதவு மூடிக்கொள்ளும்.

பெரியோர்களே! பிரெஞ்சு நாட்டின் சட்டம் வேறு. நம் சட்டம் வேறு. சரளைப் பாதைச் சைக்கிளை நாமும் வாங்க வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. ஆனால் நடக்காத பாதை நிலைக்காது என்பது எந்நாட்டுக்கும் பொருந்தும். கிராம வரைபடத்தை விரித்து, அதிலுள்ள வண்டிப் பாதைகள் ஒவ்வொன்றிலும் உறுப்பினர்கள் ஒருமுறை நடந்து பாருங்கள். எது இருக்கிறது, எது குறுகியது, எது மறைந்தது என்று எழுதி வையுங்கள். பாதையோர நிலத்தாரைக் குற்றவாளியாக்காமல், உடன் அழைத்துச் சென்று காட்டுங்கள். பாதையை அறிந்த முதியவர்கள் நம்மோடு இருக்கும்பொழுதே இதனைச் செய்து முடித்தல் நலம்.