மருத்துவரின் வாசற்படியும் மஹல்லாவின் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமின் மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள உரிமை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் நோயுற்ற மாற்றுத்திறனாளி ஒருவர் மருத்துவரிடம் சென்று சேர்வதற்கு வழி உண்டா என்பதை நாம் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. இன்று அதைப் பற்றியே பேச விழைகிறோம்.

திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான 'அபஸ', பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு அருளப்பட்டது. குறைஷித் தலைவர்களோடு உரையாடல் நடந்துகொண்டிருந்த வேளையில் அறிவை நாடி வந்த அவரைக் கவனிப்பதே முதன்மையானது என்று இறைவன் உணர்த்தினான். பின்னர் அவர் மதீனாவின் முஅத்தின்களுள் ஒருவரானார். நபி (ஸல்) அவர்கள் பயணம் மேற்கொண்டபோது மதீனாவில் அவர்களுடைய பிரதிநிதியாகவும் அமர்த்தப்பட்டார்.

அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமுற்றபோது, அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக, பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கப்பட்டது. நோயாளியைத் தொலைவில் விடாமல் அருகில் கொண்டுவந்து வைத்த முன்மாதிரி இது.

இனி நமது ஊரின் நிலையைப் பார்ப்போம். போளூர் பெருநகரமன்று. ஆயினும் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்தும், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பகுதியிலிருந்தும் மக்கள் மருத்துவம் நாடி இங்கு வருகின்றனர். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் முதலில் நாடப்படுபவர், குடும்பத்தை அறிந்த கிளினிக் மருத்துவரே. சிறு ஊர்களில் கிளினிக் என்பது பெரும்பாலும் சாக்கடையைத் தாண்டி மூன்று நான்கு படிகள் ஏறும் கடை அறை. சில இடங்களில் மாடி. கால் வழங்காதவருக்கு அந்தப் படிகளே பூட்டிய கதவாகி விடுகின்றன.

இதன் விளைவு யாது? மகனோ மருமகளோ மருத்துவரிடம் சென்று, நோயைச் "சொல்லி மருந்து வாங்கி" வருகின்றனர். நோயாளியின் இரத்த அழுத்தம் அளக்கப்படுவதில்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் உண்டான புண் மருத்துவரின் கண்ணில் படுவதில்லை. சிறு புண் பெரும் புண்ணாகி, திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ வண்டி வைத்து ஓடும் நாளில்தான் உண்மை வெளிப்படுகிறது. ஒரு படியைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு, அந்த ஒரு நாள் வண்டி வாடகைக்கும் அவதிக்கும் முன்னால் பெரிதல்ல.

படி மட்டுமே தடையன்று. செவித்திறன் இல்லாத பெண்மணி ஒருவர் தமது அந்தரங்க நோயை அண்டை வீட்டார் வாயிலாகவே சொல்ல நேர்ந்தால், அவர் சொல்லாமலே திரும்பி விடுவார். பார்வையற்றவருக்கு எல்லா மாத்திரைகளும் ஒன்றுபோலவே தோன்றும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையால் நெரிசலில் இரண்டு மணி நேரம் காத்திருக்க இயலாது. மருத்துவர் நோயாளியை விட்டுவிட்டு உடன் வந்தவரிடமே பேசுவதும் மனத்தைப் புண்படுத்தும் செயலாகும்.

இவற்றை நீக்குவது சலுகையன்று, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 25ஆவது பிரிவு, அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளிலும் இதர மருத்துவ நிலையங்களிலும் தடையற்ற வழி இருக்க வேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதிலும் அவர்களுக்குச் சிகிச்சையளிப்பதிலும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறுகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

நமக்கு அருகிலுள்ள வேலூரிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் சிக்கி இடுப்பிற்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அக்கல்லூரியில் அத்துறையின் தலைவரானார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வழி செய்து கொடுத்தால் மாற்றுத்திறனாளி மருத்துவம் பெறுபவராக மட்டுமன்றி, மருத்துவம் அளிப்பவராகவும் உயர்வார் என்பதற்கு அவரே சான்று.

ஆகவே, ஜமாஅத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, சந்தாப் பதிவேட்டைப் போல, மஹல்லாவிலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தையும் அவர்களது சம்மதத்துடன் பதிவு செய்ய வேண்டும். தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பிக்க நம் வாலிபர்கள் உதவ வேண்டும்.

இரண்டாவது, நிர்வாகிகள் ஊரின் மருத்துவர்களைக் கண்ணியத்துடன் சந்திக்க வேண்டும். குறை கூறுவதற்காக அன்று, துணை நிற்பதற்காக. ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அரையடி உயரமுள்ள ஒற்றைப் படிக்கு ஆறடி நீளப் பலகை போதும். இடமில்லையெனில், வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் தரைத்தளத்தில் பார்க்கவும், எழுந்திருக்க இயலாதவர்களை மாதம் ஒருமுறை வீட்டிற்கு வந்து பார்க்கவும் வேண்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, பள்ளிவாசலில் சக்கர நாற்காலி ஒன்று இருக்க வேண்டும். மருத்துவரிடம் செல்லும் நாளில் தேவைப்படுவோர் பெற்றுச் செல்லட்டும். இனம், சமயம் பாராமல் மலையிலிருந்து இறங்கி வருபவருக்கும் அது உரியதாகட்டும்.

நான்காவது, நிதி. ஜகாத் நிதியைக் கட்டுமானத்திற்குச் செலவிட மார்க்கத்தில் இடமில்லை. ஏழை நோயாளிக்கு மருந்துச் செலவாக அதனை வழங்கலாம். சாய்தளத்திற்கும் நாற்காலிக்கும் ஸதகா நிதியிலிருந்து செலவிடுவோம். மக்கள் பயன்பெறும் காலமெல்லாம் நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியா அது.

அடுத்தவர் வாசலில் சாய்தளம் கேட்கச் செல்லும் நாம், நமது பள்ளிவாசலின் படிகளிலும் ஹவ்ளின் ஓரத்திலும் அந்தப் பணியைத் தொடங்குவதே முறையாகும். அடுத்த ஆண்டறிக்கையின் வரவு செலவுக் கணக்கில் இதற்கென ஒரு வரி இடம்பெற வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களுக்குத் தொண்டாற்றும் மருத்துவர்களுக்கு நற்கூலியையும், நமக்கு நற்செயலாற்றும் தௌஃபீக்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.