பாடசாலையும் கைத்தொலைபேசியும்



பாடசாலை அதிபர் ஒருவரின் அறையிலே இரும்பு அலுமாரி ஒன்று இருத்தல் வழக்கம். சேர்விடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், பரீட்சைத் தாள்கள் முதலியவற்றைப் பூட்டி வைப்பதற்கென அமைந்தது அது. சில ஆண்டுகளுக்கு முன் எனது அலுமாரியின் கீழ்த்தட்டிலே வேறொரு பொருளும் சேரலாயிற்று. மாணாக்கரிடமிருந்து பறித்தெடுத்த கைத்தொலைபேசிகளே அவை. ஒரு தவணை முடிவில் எண்ணிப் பார்த்தபோது 14 இருந்தன.

இக்கருவி பிள்ளைகளின் கைக்கு வந்த வரலாற்றை நாம் மறத்தலாகாது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொவிட் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுங்கள் எனப் பெற்றோரை வேண்டிக்கொண்டோர் ஆசிரியராகிய நாமே. நகையை அடகு வைத்து வாங்கியோரும் உளர். சமிக்ஞை எட்டாத சிற்றூர்களிலே பிள்ளைகள் குன்றின் மீதும் மரத்தின் மீதும் ஏறியிருந்து பாடங் கேட்டனர். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டினால் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் அக்கருவியே கைகொடுத்தது. அன்று ‘வாங்குங்கள்’ என்ற நாம் இன்று ‘கொண்டுவராதீர்கள்’ என்று கூறுங்கால், அதற்குரிய காரணத்தை விளக்குதலும் நமது கடமையாகும்.

காரணம் இல்லாமல் இல்லை. யுனெஸ்கோ நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கவனஞ் சிதறிய மாணவன் மீண்டும் பாடத்திலே மனம் ஊன்றுவதற்கு 20 நிமிடங்கள் வரை செல்லக்கூடும் என எடுத்துக் காட்டியது. நமது பாடவேளையோ நீண்டதன்று. இருமுறை மனஞ் சிதறின், அப்பாடவேளையின் பெரும்பகுதி வீணாயிற்று அன்றோ? இரவு நெடுநேரம் விழித்திருந்த பிள்ளை முதலாம் பாடவேளையிலேயே மேசைமீது தலை சாய்க்கின்றது. நள்ளிரவில் வட்ஸ்அப் குழுவொன்றிலே மூண்ட சச்சரவு, காலையில் வகுப்பறைக்குள் கண்ணீராகவோ கைகலப்பாகவோ வந்து சேர்கின்றது.

ஆயினும், பறித்துப் பூட்டி வைப்பது ஒன்றே மருந்தாகுமோ? எனது தவறு ஒன்றைக் கூறி இதனை விளக்க விரும்புகின்றேன்.

பத்தாந் தரத்து மாணவன் ஒருவன், இடைவேளையின்போது கிணற்றடியிலே மறைந்து நின்று பேசிக்கொண்டிருந்தான். கைத்தொலைபேசியை வாங்கிப் பூட்டி வைத்தேன். பெற்றோர் வந்தாலன்றித் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது அப்போது எமது விதி. எவரும் வரவில்லை. பையனும் வந்து கேட்கவில்லை. இரண்டு கிழமை கழிந்த பின் வகுப்பாசிரியை என்னிடம் வந்தார். “சேர், அந்தப் பிள்ளை இப்போது எவருடனும் பேசுவதில்லை; கொண்டுவரும் சாப்பாட்டையும் உண்பதில்லை” என்றார். விசாரித்தபோது விடயம் வெளியாயிற்று. தந்தை இல்லை. தாய் வளைகுடா நாடொன்றிலே வீட்டுப் பணிப்பெண். இவனை வளர்ப்பவர் நடக்க இயலாத அம்மம்மா. எமது இடைவேளையாகிய பத்தரை மணி அங்கே காலை எட்டு மணி. எசமானியின் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின், அத்தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு அந்தச் சிறு பொழுதே. நான் அலுமாரியிலே பூட்டி வைத்தது ஒரு தாயின் குரலை என்பதை அன்றே உணர்ந்தேன். மறுநாள் இடைவேளையில் அவன் எனது அறையிலிருந்து தாயுடன் பேசினான். நான் வெளியே விறாந்தையில் நின்றேன்.

தடையினால் மாத்திரம் பிள்ளையின் மனநலம் பெருகிவிடாது என்பதற்கு ஆய்வும் சான்று பகர்கின்றது. இங்கிலாந்திலே 30 பாடசாலைகளைச் சேர்ந்த 1,227 மாணாக்கரை ஆராய்ந்த பேமிங்காம் பல்கலைக்கழகத்தார், தடையுள்ள பாடசாலை, தடையற்ற பாடசாலை என்ற இரண்டிற்குமிடையே மாணாக்கரின் மனநலத்தில் வேறுபாடு காணவில்லை என 2025 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயின், நாள் முழுவதிலும் கைத்தொலைபேசியுடன் கூடுதலான நேரம் கழிப்போரிடத்தே உறக்கமும் மனநலமும் குன்றியிருத்தலையும் அவர்களே கண்டனர். பாடசாலை காக்கக்கூடியது ஆறு மணி நேரத்தையே. எஞ்சிய பொழுது வீட்டின் பொறுப்பிலுள்ளது.

ஆதலின், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே பெற்றோருடனும் மாணவத் தலைவருடனும் கலந்து பேசி எமது விதிகளைத் திருத்திக்கொண்டோம். கைத்தொலைபேசி வீட்டிலேயே இருத்தல் நன்று. கொண்டுவர வேண்டிய தேவையுள்ளவன் பெற்றோரின் கடிதத்துடன் காலையில் அதனை ஒப்படைத்து, இறுதி மணி அடித்ததும் பெற்றுச் செல்லலாம். அவசரமாகப் பேச வேண்டியோர்க்கு அலுவலகத் தொலைபேசி உண்டு. வகுப்பறையிலே ஆசிரியரும் தமது கைத்தொலைபேசியை எடுத்தலாகாது. நாம் கடைப்பிடியாத விதியைப் பிள்ளை கடைப்பிடிக்குமென எதிர்பார்த்தல் எங்ஙனம்? மாலை ஆறு மணிக்குப் பின் வட்ஸ்அப் மூலம் வீட்டுவேலை அனுப்புவதையும் நிறுத்தினோம். இடைவேளையிலே நூலகத்தைத் திறந்து வைத்தோம். கிளித்தட்டுக்கு மைதானத்திலே மீண்டுங் கோடு கீறினோம்.

பெற்றோரே, உங்களிடம் யான் வேண்டுவன இரண்டு. இரவிலே கைத்தொலைபேசி பிள்ளையின் படுக்கையருகே இருத்தல் வேண்டா. கூடத்திலே ஓரிடத்தில் உங்களுடையதும் அவர்களுடையதும் ஒருங்கே உறங்கட்டும். மற்றது, அக்கருவி வழியே எவரேனும் பிள்ளையை அச்சுறுத்தினால், முதலிற் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஏசுவார்கள் என அஞ்சிய பிள்ளை வாய் திறவாது. அது கெட்டவர்க்கு வாய்ப்பாகிவிடும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தை வீட்டிலுள்ள யாவரும் அறிந்திருத்தல் நலம்.

எமது இடர் முற்றாகத் தீர்ந்தது என்று கூறேன். அலுமாரியின் கீழ்த்தட்டு இன்னும் முழுவதும் வெறுமையாகவில்லை. ஆயின், இப்போது ஒரு கைத்தொலைபேசியை அங்கே வைக்கு முன், “நீ யாருடன் பேசிக்கொண்டிருந்தாய், தம்பி?” என்று கேட்கப் பழகிக்கொண்டேன். விதிக்கு முன்னே கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுவே என்பது எனது துணிபு.