நன்றி சொன்னால் ஆயுள் கூடுமா?

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நன்றியுணர்வும் உடல்நலமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வருவதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் செவிலியர்களின் உடல்நலத்தைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் உள்ள 49,275 பெண்களிடம் 2016-இல் நன்றியுணர்வை அளக்கும் 6 கேள்விகளைக் கொடுத்தார்கள். சராசரி வயது 79. 2019 முடிவதற்குள் 4,608 பேர் காலமானார்கள். நன்றியுணர்வு மிகுந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, அது குறைந்த பங்கினரைவிட இறப்பு வாய்ப்பு 9 சதவீதம் குறைவு. முடிவு 2024-இல் வெளியானது.

"உடம்பு நன்றாக இருந்தால் நன்றி தானாக வராதா, டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உடல்நிலை, மனநலம், வசதி எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகு வந்த எண்தான் அந்த 9. ஆனாலும் நன்றிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. பிரஷர் மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து மகன் போன் செய்தால், "எனக்கென்னப்பா, ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்போம். இரண்டு நாளாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்பதைச் சொல்லமாட்டோம். இதை நன்றியுணர்வில் சேர்க்காதீர்கள். நெஞ்சு அடைத்தால் 108-ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அதேபோல், துணையை இழந்து நிற்பவரிடம் போய் "இருப்பதை நினைத்துத் திருப்திப்படுங்கள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சரி, செய்து பார்க்க ஒரு வழி. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களை வாரம் ஒருமுறை, 10 வாரங்களுக்கு, நன்றிக்குரிய 5 விஷயங்கள் வரை எழுதச் சொன்னார்கள். எரிச்சல்களை எழுதியவர்களைவிட இவர்களுக்கு உடல் உபாதைகள் குறைவு, உடற்பயிற்சி அதிகம்.

நமக்கு மாத்திரை டப்பாவின் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு போதும். ஞாயிறு இரவு எழுதுங்கள். "இந்த வாரம் லிஃப்ட் நிற்காமல் ஓடியது" என்றும் எழுதலாம், நமக்கு அது சின்ன விஷயமில்லை. தண்ணீர் கேனைச் சமையலறை வரை கொண்டுவந்து வைத்த பையன் பெயர் எழுதினால், மறுநாள் அவனிடமே சொல்லிவிடுங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம்.