பாதிக் கூட்டில் ஒரு சுயம்வரம்



கிணற்றங்கரை மரங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். சில கூடுகள் நீண்ட குழாய் வாசலோடு முழுமையாக இருக்கும். சில கூடுகள் கவிழ்த்து வைத்த தலைக்கவசம்போலப் பாதியிலேயே நிற்கும். அந்தப் பாதிக் கூடுகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மழைக்காலம் நெருங்கியதும் ஆண் குருவியின் உச்சந்தலை மஞ்சளாகும். பிறகு வேலை தொடங்கும். நெல்தாளின் ஓரத்தை அலகால் கீறி, கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கிற வேகத்தில் நீளமாக நார் உரிந்து வரும். இப்படி நூற்றுக்கணக்கான நார்கள்! முதலில் ஒரு வளையம், அதன்மேல் கூரை. அத்தோடு நிறுத்திவிடும். பெண் இன்னும் சம்மதிக்கவில்லையே!

பெண் குருவிகள் வந்ததும் மரமே அமளிப்படும். ஆண்கள் தத்தம் கூட்டைப் பற்றித் தொங்கியபடி சிறகடித்துக் கூவும். பெண் உள்ளே போய் நாரை இழுத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். பிடித்துவிட்டால்தான் ஆண் முட்டையறையையும் வாசற்குழாயையும் பின்னி முடிக்கும். பக்கத்துக் கூட்டு நாரைத் திருடும் ஆண்களும் உண்டு.

பெண்ணின் தேர்வே மயில்தோகையை வளர்த்தது என்று டார்வின் 1871-இல் எழுதினார். மயில் தன் அழகை உடம்பில் சுமக்கிறது; தூக்கணாங்குருவி தன் திறமையைக் கிளையில் தொங்கவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

பாதிக் கூட்டில் நடக்கும் இந்தத் தேர்வைத் தெளிவாகக் கண்டு சொன்னவர் பறவையியலாளர் சாலிம் அலி. மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில், 1930-இல், கூடுகளைப் பொறுமையாகக் கவனித்து எழுதினார்.  

பெண் எதைப் பார்த்துத் தேர்கிறது? பின்னல் நேர்த்தியைத்தான் என்று நினைப்போம். பின்னாளில் நம் நாட்டில் நடந்த ஆய்வுகள், இடமே முதல், பின்னல் அதற்கு அடுத்தது என்கின்றன. பாம்பும் காகமும் எளிதில் எட்டாத இடத்தில்தான் முட்டை பிழைக்கும். எவ்வளவு கூர்மையான கணக்கு!

பெண் குடியேறி முட்டையிட்டதும் ஆண் அங்கே அடைகாக்க உட்காருவதில்லை. அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண்ணை அழைக்கும். ஒரே பருவத்தில் ஒரு குருவிக்கு இரண்டு மூன்று குடும்பம் அமைகிறது. அதே மரத்தில் இன்னொரு குருவி பின்னிப் பின்னி, ஒரு பெண்ணும் வராமலே மழைக்காலத்தைக் கழித்துவிடுகிறது.